கல் வைக்காமல் நின்ற வண்டி

எங்கள் செஞ்சியில் கல்லுக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் எவனும் ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்யவில்லை. திரும்பின பக்கமெல்லாம் மலை, மலை முழுக்க உருண்டை உருண்டையாகக் கல். வண்டியை மேட்டில் நிறுத்தினால் பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைப்பார்கள், அவ்வளவுதான். லாரிக்காரன் வைத்தான், மாட்டு வண்டிக்காரன் வைத்தான், நானும் வைத்தேன். ஹேண்ட் பிரேக் போடு என்று எவனாவது சொன்னால், "இன்னா, மெட்ராசுல வண்டி கத்துக்கினியா?" என்று சிரிப்பார்கள்.

அறுபதுகளில் நான் ஒரு மல்லாட்டை மண்டியில் பிக்கப் வண்டி ஓட்டினேன். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். வண்டி ஏலத்தில் எடுத்தது. எனக்கு முன்னால் எத்தனை பேர் அதை அடித்து ஓட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. மண்டி முதலாளி மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணர். ஊரே அவரை நைனார் என்று கூப்பிட்டது, நானும் அப்படித்தான். வல்லத்திலிருந்தும் அவலூர்பேட்டையிலிருந்தும் மூட்டை ஏற்றி வந்து அவருடைய கிடங்கில் இறக்குவது என் வேலை.

கிடங்கு ஒரு பாறை மேட்டின் மேல் இருந்தது. மேலே போக ஒரே ஒரு வண்டித் தடம். திருப்ப இடம் கிடையாது. முகத்தை மேலே வைத்து ஏறி, பாதியில் நிறுத்தி, பின் கதவைத் திறந்துதான் மூட்டையை இறக்க வேண்டும். இறக்குகிறவர்கள் சரிவில் வண்டிக்குப் பின்னால் நிற்பார்கள். வண்டி பின்னால் வந்தால் அவர்கள்மேல்தான் வரும். இதை யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். நாங்கள் யோசிக்கவில்லை.

மூட்டை இறக்க நான்கு பேர். மூன்று ஆண்கள், ஒரு பெண். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மற்ற மூன்று பேரும் அவள் சொன்னபடிதான் கேட்பார்கள். கல் வைப்பது அவள் பொறுப்பு. வண்டி நின்றதும் இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கி வந்து பின் சக்கரத்தடியில் வைத்து, காலால் ஒரு உதை விட்டு, "ம், எறக்குங்க" என்பாள். அவள் சொல்லாமல் எவனும் மூட்டையில் கை வைக்க மாட்டான்.

பங்குனி மாதம், கிணற்றுத் தண்ணீரில் விளைந்த இறவை மல்லாட்டை வந்துகொண்டிருந்த நேரம். ஒரு நாள் காலையில் அவள் கல் வைத்தாள், உதைத்தாள், சொன்னாள். நான் இறங்கி நின்று பீடி பற்ற வைத்தேன். நாலாவது மூட்டை இறங்கும்போது வண்டி அசைந்தது. கல்லின் மேல் ஏறவில்லை. கல்லையும் தள்ளிக்கொண்டு இறங்கியது. வருஷக்கணக்காக டயரும் காலும் பட்டு அந்தப் பாறை கண்ணாடி மாதிரி வழுவழுவென்று ஆகியிருந்தது. ஒரு முழம் இறங்கி, ஒரு வெடிப்பில் கல் மாட்டி நின்றது. கல்லுக்கும் பாறைக்கும் நடுவில் அவளுடைய இடது பாதம்.

இரண்டு விரல் நசுங்கிவிட்டது. அவள் கத்தவில்லை. "கல்ல எடுங்கடா" என்றாள். எடுத்தோம். ஆஸ்பத்திரிக்கு அதே வண்டியில்தான் கொண்டுபோனேன்.

மத்தியானம் நைனார் வந்து பாறையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "கல்ல ஒழுங்கா வெக்கத் தெரியல. வயசாயிட்டுது. இனிமே அந்தம்மா வேணாம்" என்றார். சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "நைனாரே, நில்லுங்க. கல்லு மேல தப்பு இல்ல. இந்த வண்டியில ஹேண்ட் பிரேக் புடிக்காது. ரெண்டு வருசமா சொல்லிக்கினு வரேன்."

இரண்டு வருஷமாகச் சொன்னேன் என்பது பொய். ஒரே ஒரு தடவை சொன்னேன். அதுவும் சிரித்துக்கொண்டு சொன்னேன்.

அவர் திரும்பினார். "புடிக்காத வண்டியத்தான் தெனம் ஓட்டினியா?"

"கால் பிரேக் புடிக்குது. ரெண்டு தடவ மெதிச்சா."

"ஊர்ல எல்லா வண்டியும் கல்லு வெச்சுதான் நிக்குது. எவன் காலும் நசுங்கல."

"ஹேண்ட் பிரேக் சரியா இருந்தா கல்லே வேணாம். கல்லே வேணாம்னா கல்லு வெச்சவ மேல எப்படி தப்பு வரும்?"

அவருக்கு வாதம் பிடிக்கும். வியாபாரி. "சரி. நீயே சரி பண்ணு. இந்தப் பாறையிலயே முழு லோடோட, கல்லு இல்லாம, அரை மணி நேரம் நிக்கட்டும். நின்னா தப்பு வண்டியோடது, அந்தம்மா வேலைக்கு வரட்டும். எறங்கிச்சுன்னா அந்தம்மாவும் வேணாம், நீயும் வேணாம்."

"நிக்கும்" என்றேன். அதுவரை நான் ஒரு பிரேக் டிரம்மைக்கூடக் கழற்றியதில்லை. திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் என் படிப்பு.

மறுநாள் மூட்டை இறக்குகிற ஆட்கள் வரவில்லை. அவள் இல்லாமல் இறக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்லது என்று நினைத்தேன். சமதரையில் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வைத்தேன். கல்லை ஒழிக்கப் புறப்பட்டவன் நாலு கல் வைத்துத்தான் ஆரம்பித்தேன். வேறு வழி இல்லை.

பின் அச்சை ஜாக்கியில் தூக்கி, அடியில் மரக்கட்டை அடுக்கி, இடது சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புச் சட்டிதான் டிரம். அது வரவில்லை. உள்ளே இருக்கிற பிரேக் கட்டைகள் தேய்ந்து தேய்ந்து டிரம்மில் பள்ளம் போட்டிருந்தன. கட்டை அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு டிரம்மை விடமாட்டேன் என்றது. பின்பக்கம் கட்டையைத் தளர்த்துகிற சின்னப் பல் சக்கரத்தைத் திருப்பி, டிரம்மைச் சுற்றி மரச் சுத்தியால் தட்டினேன். ஒரு மணி நேரம் தட்டினேன். கெட்ட வார்த்தையும் சேர்த்துத் தட்டினேன். ஒரு பக்கம் அசைந்து, மறுபக்கம் அசைந்து, கடைசியில் மடியில் வந்து விழுந்தது.

உள்ளே ஒரே கறுப்புச் சேறு. பிரேக் கட்டையின் மேல் ஒட்டியிருக்கிற லைனிங் சொரசொரப்பாக இருக்க வேண்டும். இது எண்ணெய் பூசிய தோசைக்கல் மாதிரி மினுங்கியது. ஒரு விரலால் வழித்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மல்லாட்டை எண்ணெய்.

ஒரு வருஷமாக ஊரில் என்னைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். இறக்கத்தில் பிரேக் பிடித்து வந்து பஜாரில் நிறுத்தினால், டீக்கடைக்காரன் மூக்கை உறிஞ்சி, "வந்துட்டுதுடா வட வண்டி. இன்னா டிரைவரே, இன்னிக்கு போண்டாவா?" என்பான். வண்டியைச் சுற்றி வடை சுடுகிற வாசனை நிஜமாகவே வரும். மல்லாட்டை ஏற்றுகிற வண்டி, மல்லாட்டை வாசனை வருகிறது என்று நானும் சிரித்தேன். மண்டியில் கிடந்து கிடந்து என் மூக்கு செத்துப்போயிருந்தது. வண்டி ஒரு வருஷமாகத் தன் நோயைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. டீக்கடைக்காரனுக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை.

எண்ணெய் எப்படி வந்தது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஊற்றினவன் நான்.

முந்தின வருஷம் பிரேக் ஆயில் குறைந்துபோனது. செஞ்சியில் கிடைக்காது, திண்டிவனம் போக வேண்டும். மெக்கானிக் எப்போதோ சொல்லியிருந்தான், ஆத்திர அவசரத்துக்கு விளக்கெண்ணெய் ஊற்றலாம், ரப்பரை அது கெடுக்காது என்று. நான் மண்டிக்குள் போய், "நைனாரே, வண்டிக்கு வெளக்கெண்ண வேணும்" என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "வெளக்கு எண்ணயா, அந்த மூலையில டின்னுல இருக்குது பாரு" என்றார். எடுத்துக்கொண்டேன். குறையக் குறைய அதிலிருந்தே ஊற்றினேன்.

நான் கேட்டது ஆமணக்கு எண்ணெய். அவர் காட்டியது சாமி விளக்குக்கு வைத்திருந்த எண்ணெய். மண்டியில் செக்கு எண்ணெய்க்கா பஞ்சம், அவர்கள் விளக்குக்கு மல்லாட்டை எண்ணெயைத்தான் ஊற்றினார்கள். ஆமணக்கு எண்ணெய் பிசின் மாதிரி கையில் ஒட்டும். இது தண்ணீர் மாதிரி ஓடும். விரலில் தொட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். தொடவில்லை.

பிரேக்கை அழுத்தும்போது கட்டைகளைத் தள்ளுகிற சின்ன சிலிண்டர் சக்கரத்துக்குள் இருக்கிறது. அதற்குள் எண்ணெய் வெளியே வராமல் தடுக்க ரப்பர் கிண்ணங்கள். அவற்றை எடுத்துப் பார்த்தேன். ஊறப்போட்ட பயறு மாதிரி உப்பி, விரலால் நசுக்கினால் பிய்ந்தன. அவை கெட்டுப்போய், எண்ணெய் கசிந்து, லைனிங் முழுக்கக் குடித்துவிட்டது. ஹேண்ட் பிரேக்குக்கு எண்ணெயே வேண்டாம், கம்பி இழுத்தால் போதும். ஆனால் கம்பி இழுப்பதும் அதே கட்டையைத்தான். எண்ணெய் குடித்த கட்டையை யார் இழுத்தால் என்ன, வழுக்கத்தான் செய்யும்.

அவள் கல்லைச் சரியாகத்தான் வைத்திருந்தாள். காலை நசுக்கினவன் நான்.

இதை நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கழுவிவிட்டு, புது லைனிங் போட்டு, வண்டியை நிறுத்திக் காட்டி, பிரேக் பழசு நைனாரே என்று சொல்லிவிடலாம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதைத்தான் நினைத்தேன், இப்போது அதை மறைக்கவில்லை. பிறகு கட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மண்டிக்குப் போய் அவர் எதிரில் நீட்டினேன்.

"மோந்து பாருங்க."

மோந்தார். "மல்லாட்ட எண்ண."

"நான்தான் ஊத்துனேன். வெளக்கெண்ண கேட்டேன். நீங்க அந்த மூலையக் காட்டுனீங்க. தொட்டுப் பாக்காம ஊத்துனது என் தப்பு. கேக்காம காட்டுனது உங்க தப்பு. அந்தம்மா தப்பு இதுல எங்க இருக்குது?"

அவர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெல்லாம் கறுப்பானது. வெள்ளை வேட்டியில் துடைக்கவும் முடியாமல், கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். "மொதல்ல நிக்கட்டும். நின்னப்பறம் பேசலாம்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

கட்டைகளை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திண்டிவனம் போனேன். மெக்கானிக் பழைய லைனிங்கைப் பெயர்த்து, புதுசு வைத்து ரிவிட் அடித்துக் கொடுத்தான். "வெளக்கெண்ணன்னு தமிழ்லதானய்யா சொன்னேன்?" என்று நான்கு தடவை கேட்டான். வலது பக்கத்துக்குப் புது லைனிங் போட்ட கட்டை ஒரு ஜோடி, நான்கு சக்கரத்துக்கும் புது ரப்பர், ஒரு டின் நிஜமான பிரேக் ஆயில், கழுவ ஸ்பிரிட், எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஒரு பக்கத்தை முடிக்காமல் மறுபக்கத்தைக் கழற்றவில்லை. எந்த ஸ்பிரிங் எங்கே மாட்டியிருந்தது என்று மறந்தால், கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இதை எவனும் சொல்லித் தரவில்லை, பயம் சொல்லித் தந்தது. ஸ்பிரிங்கை இழுத்து மாட்டும்போது இரண்டு தடவை தெறித்தது. ஒன்று புருவத்தைக் கிழித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

ஹேண்ட் பிரேக் கம்பியைக் கழற்றியபோது இன்னொரு அயோக்கியத்தனம் தெரிந்தது. லீவரிலிருந்து வருகிற கம்பி இரண்டாகப் பிரிந்து ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் போகிறது. வலது கம்பி அதன் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அதனால் லீவரை இழுத்தால் கைக்கு இறுக்கமாகத் தெரியும். பிரேக் பிடிக்காவிட்டாலும் கம்பியாவது நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். துருவைத்தான் இத்தனை நாள் இழுத்துக்கொண்டிருந்தேன். கம்பியை வேப்பங்கிளையில் நெட்டுக்குத்தலாகத் தொங்கவிட்டு, மேல்முனையில் காகிதப் பொட்டலம் கட்டி, அதில் மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றினேன். ஒரு நாள் முழுக்க முதலில் செம்மண் மாதிரியும் பிறகு டீ மாதிரியும் சொட்டியது. மறுநாள் உறைக்குள் கம்பி வழுக்கிக்கொண்டு போனது.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுக்க வேண்டும். ஒருத்தர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருத்தர் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். ஆள் இல்லை. அப்போதுதான் அந்த அம்மா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். இடது காலில் பெரிய கட்டு.

"இன்னா டிரைவரே, கொடல உருவிப் போட்டுக்கினு கெடக்குற?"

"யக்கா, வலது காலு நல்லாத்தானே இருக்குது?"

"ஏன், அதையும் நசுக்கணுமா?"

அவளை டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தேன். "மெதின்னா மெதிக்கணும். நான் சொல்ற வரைக்கும் விடக்கூடாது."

"கல்லு வேல போயி இப்ப மெதி வேலயா. சரி சொல்லு."

மிதித்தாள், விட்டாள், மிதித்தாள். குழாயில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. படுத்துக்கொண்டே எண்ணெய்க் கதையை அவளிடம் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அங்கே சொன்னேன். கோழைத்தனம்தான்.

பெடல், நான் விடு என்று சொல்வதற்கு முன்னாலேயே மேலே வந்துவிட்டது.

"ஒருத்தன் கேட்டது வெளக்கெண்ண. ஒருத்தரு காட்டுனது வெளக்குக்கு எண்ண. நடுவுல போனது என் வெரலு" என்றாள். "ரெண்டு பேருமே சுத்த வெளக்கெண்ண."

"ஆமா யக்கா."

"ஆமாவா? மெதிக்கட்டுமா, சொல்லு."

மிதித்தாள். குமிழ் நின்றது. முதல் மிதியிலேயே பெடல் கல் மாதிரி நின்றது.

இன்னும் ஒன்று பாக்கி. இதுவரை ஹேண்ட் பிரேக் தளர்ந்தால் அடியில் போய்க் கம்பியின் நட்டை முறுக்குவேன். அதுதான் முட்டாள்தனம். முதலில் கட்டைகளை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். சக்கரம் சுற்ற முடியாமல் இறுகும்வரை அந்தப் பல் சக்கரத்தைத் திருப்பி, பிறகு லேசாக உரசிக்கொண்டு சுற்றும்வரை தளர்த்தினேன். அதற்குப் பிறகுதான் கம்பியைத் தொட்டேன். லீவர் ஐந்து சொடுக்கில் இறுகியது. இது துருவின் இறுக்கம் இல்லை.

சாயங்காலம் காலி வண்டியைப் பாறையில் ஏற்றிப் பார்த்தேன். நின்றது, பிறகு அரை சாண் வழுக்கியது. புது லைனிங் டிரம்மோடு இன்னும் பழகவில்லை என்று புரிந்தது. மறுநாள் வல்லம் வரை போய்த் திரும்பி வரும் வழியெல்லாம் மெதுவாகப் பிரேக் பிடித்துப் பிடித்துத் தேய்த்தேன். இந்தத் தடவை வடை வாசனை வரவில்லை. டீக்கடைக்காரன் முகத்தில் ஏமாற்றம்.

அன்று சாயங்காலம் இருபது மூட்டையோடு ஏற்றினேன். நைனார் குடையோடு வந்தார், அந்த மூன்று ஆட்களும் வந்தார்கள். அவள் கம்போடு வந்து ஓரமாக நின்றாள். லீவரை இழுத்தேன். இன்ஜினை அணைத்தேன். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். இறங்கி, வண்டிக்குப் பின்னால் போய், சரிவில் பின் சக்கரத்துக்கு நேராகச் சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.

"நீ உக்காந்தா இன்னா?" என்றாள் அவள். "நீ ஊத்துனவன். காட்டுனவரும் உக்காரட்டும்."

எல்லோரும் நைனாரைப் பார்த்தோம். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் குடையை மடக்கினார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து பாறையில் உட்கார்ந்தார். எதிரில் வண்டியின் பின்பக்கம், தலைக்கு மேல் இருபது மூட்டை.

சூரியன் மலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது. சமணர்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். நைனார் தண்ணீர்கூடத் தொட மாட்டார். அவருடைய வீட்டில் அந்த நேரத்துக்கு இலை போட்டிருப்பார்கள். அவர் சூரியனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி சூரியனைப் பார்த்தார்.

"நைனாரே, போயி சாப்புட்டு வாங்க. வண்டி எங்கயும் போவாது" என்றான் ஒருத்தன்.

"அரை மணின்னு சொன்னது நான்" என்றார்.

வண்டிக்குள் எங்கோ ஒரு தடவை டொக் என்றது. நான் அசையவில்லை. அவரும் அசையவில்லை, என் முழங்கையை மட்டும் பிடித்துக்கொண்டார். சூரியன் மலைக்குப் பின்னால் போனது.

"மலை மறைச்சா கணக்கு இல்ல நைனாரே, அந்தப் பக்கம் இன்னும் பொழுது இருக்குது" என்று ஒருத்தன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். எழுந்திருக்கவில்லை. இருட்டத் தொடங்கிய பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி எப்போதோ தாண்டிவிட்டது. அன்று ராத்திரி அவர் பட்டினி.

எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு அவள் எதிரில் போய் நின்றார். "கல்லு வெக்கத் தெரியலன்னு சொன்னது தப்பு. நாளைக்கே வேலைக்கு வா."

"இந்தக் காலோட மூட்ட தூக்கச் சொல்றீங்களா?"

அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

"காலு ஆற வரைக்கும் தராசுல உக்கார வைங்க" என்றாள். "எடக்கல்லு வெக்கிறேன். அதாவது ஒழுங்கா வெக்கிறேனான்னு பாருங்க."

மறுநாள் காலையில் நான் அவலூர்பேட்டை லோடோடு வந்து பாறையில் ஏறி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். மூன்று ஆட்களும் பின்னால் வந்து நின்றார்கள். ஆனால் மூட்டையில் கை வைக்கவில்லை. கிடங்கு வாசலில் தராசுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்கள். அவள் வண்டியின் பின் சக்கரத்தைப் பார்த்தாள். அங்கே கல் இல்லை. நிறைய நேரம் பார்த்தாள்.

"ம்," என்றாள். "எறக்குங்க."